நன்னீர் மீன்களின் இனவிருத்தியும் நோவு தணிக்கும் மருந்துகளும்

ஏரி, குளம், பண்ணைக் குட்டை முதலியவற்றில் மீன் வளர்ப்பது விவசாயத்திற்கு உற்ற உபதொழில் என்பதை நம் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். குளத்தில் மீன்கள் செத்து மிதக்குமாயின் ஊரார் அனைவரும் கரையில் கூடிவிடுவர். ஆலைக் கழிவா, பூச்சி மருந்தா, பாசி அழுகி நீரில் பிராணவாயு குறைந்ததா என்று விசாரிப்பர். ஆனால் மீன் ஒன்றும் சாகாமல், பார்வைக்குக் கொழுமையாகவே இருந்துகொண்டு, சினை விடுவதில் மட்டும் குறைவு படுமாயின் அதைக் கவனிப்பார் எவருமிலர். இவ்வாண்டு குஞ்சு சரியாகக் கிடைக்கவில்லை என்று கூறிவிட்டு வேறிடத்தில் விலைக்கு வாங்கி விடுவதே வழக்கமாயிருக்கிறது. இத்தகைய மறைவான குறைவுக்குக் காரணமாகக்கூடியவை பல. அவற்றுள் ஒன்று நம் வீட்டு அலமாரியிலும் மாட்டுக் கொட்டகையின் இறவாணத்திலும் இருப்பது. அதுவே தலைவலி, மூட்டுவலி, சுரம் ஆகியவற்றிற்கு நாம் உட்கொள்ளுவதும், நொண்டும் மாட்டிற்கு ஊசி மூலம் ஏற்றுவதுமான நோவு தணிக்கும் மருந்து.

ஆஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபினாக், நாப்ராக்ஸன், மெபனாமிக் அமிலம் என்பன இவ்வகையில் முக்கியமானவை. ஆஸ்பிரின் 1899-ஆம் ஆண்டு முதலும், இபுப்ரோபென் 1969-ஆம் ஆண்டு முதலும், டைக்ளோபினாக் அதற்குச் சில ஆண்டுகள் பின்னும் விற்பனைக்கு வந்தன. இன்று இவை வைத்தியர் சீட்டின்றிப் பெட்டிக்கடையிலும் கிடைக்கின்றன. உட்கொண்ட மருந்து முழுவதும் உடலிலேயே அழிந்து விடுவதில்லை. ஒரு பகுதி, மாறியும் மாறாமலும், சிறுநீர் வழியாக வெளியேறிச் சாக்கடையை அடைகின்றது. தைலமாகவும் களிம்பாகவும் மேலே பூசிய மருந்து குளிக்கும்போது கழுவப்பட்டுப் போகின்றது. காலம் கடந்த மாத்திரைகளையும் பாதி தீர்ந்த ஊசிக் குப்பிகளையும் குப்பையிலோ வாய்க்காலிலோ எறிந்துவிடும் பழக்கம் வேறு இருக்கின்றது. எறியப்பட்ட மாத்திரையில் உள்ள மருந்து சிறிதும் குறையாமல் அப்படியே நீரில் கரையும் என்பதைத் தனியே கவனிக்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும் விதம்

மனிதனுடைய மூட்டுவலிக்குக் கொடுக்கும் மருந்து மீனின் சினைப்பையை எவ்வாறு பாதிக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். விடை மருந்து வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியிருக்கின்றது. ஆஸ்பிரின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உபயோகத்திலிருந்தும், அது எவ்வாறு நோவைத் தணிக்கின்றதென்பது விளங்காமலேயே இருந்தது. 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கில நிபுணர் அதை விளக்கினார். உடலில் அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றது. இம்மருந்துகள் அப்பொருள் உற்பத்தியாவதைத் தடுத்துவிடுகின்றன. வலி அடங்குவது அதன் பயன். இவ்வகை ஆராய்ச்சிக்காக 1982-இல் அவருக்கும், பெர்க்ஸ்டிராம், சாமுவேல்ஸன் என்னும் ஸ்வீடன் தேசத்து நிபுணர் இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

பிராஸ்டாகிளாண்டின் வலியை உண்டாக்குவதற்கென்றே அமைந்த பொருளன்று. உடலில் அதற்கு வேறு பல வேலைகள் உண்டு. மீன்களில் அவற்றுள் தலையாயது சினை வெளிப்படுதலாகும். இதைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டை இனங்கள் வெள்ளம் புரளும் ஆற்றில் சினை விடுமேயன்றித் தேங்கிய குளத்தில் விடுவதில்லை. 1957-இல் ஹீராலால் சௌத்ரி என்னும் நிபுணர் ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குலில், மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு கோளத்தின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இம்மீன்களைத் தேக்க நீரிலேயே சினை விடச் செய்தார். இன்று குஞ்சு உற்பத்திப் பண்ணைகளில் செலுத்தும் ஓவாப்ரிம் போன்ற மருந்துகளும் அந்தக் கோளத்தைத் தூண்டுவனவே. ஆகவே, சுரப்பு நீர் எனப்படும் ஹார்மோன் ஒரு சொட்டின் சிறு பகுதியாயினும் எத்தனை பெரிய காரியத்தைச் செய்ய வல்லது என்பதை மீன் வளர்ப்போருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

பிட்யூட்டரியின் கட்டளை சினைப்பையை அடைந்ததும் முட்டைகள் முற்றுகின்றன. முற்றிய முட்டை, தன்னைச் சூழ்ந்த உறையை வெடித்துக்கொண்டு வெளிவரவேண்டும். நெல்மணி முற்றினால் மட்டும் போதாது, உமியை விட்டு அரிசி பிரியவேண்டும் என்பது போல. உறை வெடிப்பதற்கு வேண்டியது பிராஸ்டாகிளாண்டின். அதன் வேலை அத்துடன் முடிவதில்லை. முட்டை விடுபட்டபின் அது இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து, சினை விடும் நேரம் வந்துவிட்டதென்று பெண் மீனுக்கு உணர்த்துகின்றது. மிகுதி நீரில் வெளியேறுகின்றது. அதை ஆண் மீன் மோப்பத்தால் அறிந்து பெண்ணைத் தொடர்கின்றது. தங்க மீனில் இவ்வாறு நடைபெறுவது 1988-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. தங்க மீன் கண்ணாடித் தொட்டியின் அலங்காரம் என்று மட்டும் கருதவேண்டாம். அது நம் ரோகு, கட்லாவைப் போன்றே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அத்தங்க மீன்களிலேயே மருந்தின் விளைவும் முதலில் காணப்பட்டது. இண்டோமெதாசின் என்னும் மூட்டுவலி மருந்தை 1975-இலும் 1976-இலும் அவற்றிற்குச் செலுத்திப் பார்த்தபோது, முட்டை வெளிப்படுவது தடைப்பட்டது. சினை விடும் நடத்தையும் அடங்கிற்று. பின்னர் பிராஸ்டாகிளாண்டினை ஊசி மூலம் கொடுத்ததும் அந்நடத்தை மீண்டது. தடை எவ்விடத்தில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பண்ணைக்காரர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளவேண்டும். நாம் போடும் ஊசி பிட்யூட்டரியின் வேலையைத்தான் செய்கின்றது. உறை வெடிப்பது அதற்கு அடுத்த படி. அப்படியிலே தடை நேர்ந்தால் முந்திய படியில் எவ்வளவு தூண்டினாலும் பலன் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டும்.

நீரில் கலந்த சிறு அளவின் விளைவு

ஊசி மூலம் நேரே செலுத்துவது வேறு, நீரில் அணுவளவாகக் கலந்திருப்பது வேறு. ஆகையால் நீரில் கரைத்துச் செய்த பரிசோதனைகளையே நாம் முக்கியமாகப் பார்க்கவேண்டும். இவற்றில் பெரும்பாலும் உபயோகிக்கப்பட்டது மெடகா என்னும் ஜப்பானிய நெல்வயல் மீன். ஒரு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள இம்மீன் அத்தேசத்து நஞ்சை வாய்க்கால்களில் வாழ்வது. அதன் உறவினமான சிறு மீன்கள் நம் கடலோர நீர்நிலைகளிலும் உண்டு.

2007-இல் வெளியான பரிசோதனையில் மெடகா மீன்களை, லிட்டருக்கு 1 முதல் 100 மைக்ரோகிராம் வரை இபுப்ரோபென் கலந்த நீரில் ஆறு வாரம் வைத்திருந்தனர். மீன்கள் சாகவில்லை. விட்ட முட்டைகளின் தொகைகூடக் குறையவில்லை, அதிகரிக்கவே செய்தது. ஆயினும் முட்டையிடும் தடவைகள் குறைந்து போயின. அடிக்கடி சிறிது சிறிதாக இடவேண்டிய மீன், எப்பொழுதோ ஒரு முறை மொத்தமாக இடத் தொடங்கிற்று. இதில் நஷ்டம் என்ன என்று தோன்றலாம். மழையை நம்பி விதைக்கும் குடியானவன் விதை முழுவதையும் ஒரே நாளில் புழுதியில் தூவிவிடமாட்டான். ஒரு விதைப்புத் தவறினால் மற்றொன்று பிழைக்கட்டும் என்று பிரித்தே விதைப்பான். சிறு மீன்கள் பல நாட்களாகப் பிரித்து முட்டையிடுவதும் அத்தகைய காப்பே.

2010-இல் வெளியான மற்றொரு பரிசோதனை இதனினும் கவலை தருவது. அதில் மெடகா மீன்கள் நான்கு மாதங்களுக்கு மேல் இபுப்ரோபென் கலந்த நீரில் வளர்க்கப்பட்டன. பெண் மீன் மட்டுமே உண்டாக்கவேண்டிய கருவூட்டப் புரதம் ஆண் மீன்களிலும் காணப்பட்டது. தாய் தந்தை மீன்கள் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் மட்டும் கலந்த நீரில் வளர்ந்திருந்தபோதும், அவற்றின் முட்டைகளை எடுத்துச் சுத்தமான நீரில் இட்டபின்னரும், பொரிப்பது தாமதமாயிற்று. அதாவது, தீமை பெற்றோரிடமிருந்து முட்டைக்குள்ளேயே சென்றுவிட்டது. நம் தேசத்து மீனாகிய ஸீப்ரா மீனைக்கொண்டு செய்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியிலும் இதையொத்த முடிவே கிடைத்தது. இபுப்ரோபென் 1 மைக்ரோகிராம் அளவிலேயே முட்டைத் தொகையைக் குறைத்தது. மருந்து கலந்த நீரில் இருந்த பெண் மீன்களில் பெண் சுரப்பு நீரும் ஆண் சுரப்பு நீரும் உயர்ந்தன. ஆண் மீன்களில் ஆண் சுரப்பு நீர் தாழ்ந்தது. தென் அமெரிக்கக் கெளுத்தி வகை ஒன்றில் பாரசிட்டமாலும் ஆண் சுரப்பு நீரைத் தாழ்த்தியதாக 2017-இல் காணப்பட்டது.

பொரிப்பது சில மணி தாமதித்தால் என்ன என்று அலட்சியம் செய்தல் கூடாது. ரோகுவின் முட்டை வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ 14 முதல் 20 மணி நேரத்தில் பொரிப்பது. அந்நேரம் முழுவதும் அது அசைய மாட்டாத இரை. பூஞ்சணமும் நீர்ப்பூச்சியும் பிற மீன்களும் அதற்குப் பகை. தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பகைவருக்குக் கொடுக்கும் அவகாசமாகும்.

மைக்ரோகிராம் என்னும் அளவு நம்மவர்க்கு எளிதில் விளங்குவதன்று. ஆதலால் குளத்துக் கணக்காகவே கூறுவோம். ஒரு ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். 400 மில்லிகிராம் இபுப்ரோபென் மாத்திரை பத்தை அதில் கரைத்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகும். ஒரே மாத்திரையைக் கரைத்தால் 0.1 மைக்ரோகிராம். இக்கணக்கைக் கண்டு எவரும் திடுக்கிட வேண்டாம். ஒரு முறை விழுந்த மாத்திரை நீரில் நிலைத்து நிற்பதில்லை. வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் நாளடைவில் சிதைந்துவிடும். பரிசோதனை மீன்களோ மாதக்கணக்கில் மருந்து நீரிலேயே இருந்தவை. ஆயினும் ஊர்ச் சாக்கடை நாள்தோறும் வந்து விழும் குளத்தில், சிதைந்தது போக மீண்டும் மீண்டும் புதிது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அங்கு நீர் ஒருபோதும் மருந்தற்றதாவதில்லை.

நம் ஆறுகளின் நிலை

இது அயல்நாட்டு விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. காவேரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று ஆறுகளின் நீரை எடுத்துச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2014-இல் வெளியாயிற்று. மிகுதியாகக் காணப்பட்ட இடத்தில் லிட்டருக்கு ஆஸ்பிரின் 660 நானோகிராம், இபுப்ரோபென் 200, டைக்ளோபினாக் 103, கீட்டோபுரோபென் 100, நாப்ராக்ஸன் 28 என்பது அதன் முடிவு. ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம். ஆகவே இபுப்ரோபென் 0.2 மைக்ரோகிராம் ஆகின்றது. மெடகா முட்டைகளைத் தாமதப்படுத்திய அளவுக்கு இது இருமடங்கு. மிகக் குறைந்த அளவு என்று கூறித் தள்ளக்கூடியதன்று.

ஆயினும் இதிலிருந்து நம் ஆற்று மீன்கள் மருந்தினால்தான் குறைந்தன என்று தீர்ப்புக் கூறுவது தகாது. மேற்சொன்னது மிக மோசமான இடத்தின் அளவேயன்றி ஆறு முழுவதற்குமான அளவன்று. பரிசோதனை மெடகாவிலும் ஸீப்ரா மீனிலும் நடந்ததேயன்றி ரோகுவிலும் கட்லாவிலும் நடந்ததன்று. நிபுணர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதமும் உண்டு. டைக்ளோபினாக் 5 மைக்ரோகிராம் அளவிலேயே டிரௌட் மீனின் மூத்திரக் கோளத்தையும் செவுளையும் கெடுத்ததாக 2004-இல் ஒரு சாரார் கூறினர். அதே மருந்தை மீண்டும் சோதித்து, அதனினும் மிக உயர்ந்த அளவுகளிலும் அத்தகைய கேடு காணவில்லை என்று 2013-இல் மற்றொரு சாரார் கூறினர். ஆற்றில் மீன் குறைவதற்கு அணைகளும் மணல் வாருதலும் சாயக் கழிவும் சிறுகண் வலையும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்களாக இருக்கையில், பழி முழுவதையும் மாத்திரையின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

ஆனால் முழுச் சான்று கிடைக்கும் வரை காத்திருப்பதும் விவேகமன்று. கனடா தேசத்தில் ஒரு சிறு ஏரி முழுவதிலும் 2001 முதல் 2003 வரை, கோடைதோறும், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கைப் பெண் சுரப்பு நீரை லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தனர். ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை. ஆண் மீன்கள் பெண் தன்மையடைந்து, சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த சிறு கெண்டை இனம் ஏறக்குறைய அற்றே போயிற்று. அது வேறு மருந்து, வேறு வகைச் செயல். நோவு மருந்து அத்தனை கடுமையானதென்று நாம் சொல்லவில்லை. ஒரு நீர்நிலையில் இனவிருத்தி கெட்டால் கேடு எவ்வாறு ஓசையின்றி வரும் என்பதற்கே அதைக் குறிப்பிட்டோம்.

பருவத்தையும் யோசிக்கவேண்டும். பெருங்கெண்டைகள் சினை விடுவது புதுவெள்ளத்தில். அப்பொழுது மருந்து பெருநீரில் கலந்து மிக மெலிந்துவிடும். இது ஒருவகையில் ஆறுதலே. ஆனால் சினை முற்றுவது அதற்கு முந்திய கோடையில். ஆற்றில் ஓடுவது பாதி சாக்கடையாக இருக்கும் மாதங்கள் அவை. ஆண்டு முழுவதும் குட்டையிலேயே சினை விடும் ஜிலேபிக் கெண்டைக்கும் வயல் வாய்க்கால்களிலுள்ள சிறு மீன்களுக்கும் வெள்ளத்தின் உதவிகூட இல்லை.

செய்யத்தக்கவை

நகரங்களில் சாக்கடை நீரைச் சுத்தி செய்யும் நிலையங்கள் இபுப்ரோபெனையும் பாரசிட்டமாலையும் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. டைக்ளோபினாக் மட்டும் அவற்றிற்கு எளிதில் அடங்குவதில்லை. அதற்காக ஸ்விட்ஸர்லாந்தில் 2016 முதல் ஓசோன் வாயுவாலும் கரித்தூளாலும் கழிவு நீரை மீண்டும் ஒரு முறை சுத்தி செய்யும் ஏற்பாடு சட்டப்படி தொடங்கப்பட்டது. நம் கிராமங்களில் அத்தகைய இயந்திரங்களை இப்பொழுது எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் நம்மிடம் உள்ள வெயில் அவர்களிடம் இல்லை. டைக்ளோபினாக் சூரிய ஒளியில் விரைவில் சிதையும் பொருள். ஆகவே ஊர்ச் சாக்கடையை நேரே குளத்தில் விழவிடாமல், முழங்கால் ஆழத்திற்கு மேற்படாத அகன்ற குட்டை ஒன்றில் சில நாள் தேக்கி, வெயில் படச்செய்து, பின் கோரையும் சம்பும் வளர்ந்த வாய்க்கால் வழியே விடுவது அதிகச் செலவில்லாத முறை. நீர் கலங்கலாயிருந்தாலும் ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும் ஒளி உட்புகாது. பஞ்சாயத்தார் தூர் எடுக்கும்போதும் வரவு வாய்க்கால் செப்பனிடும்போதும் இதையும் சேர்த்துத் திட்டமிடலாம்.

கால்நடை விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்களின் கவனம் மிகவும் வேண்டும். டைக்ளோபினாக் ஏற்றிய மாடு இறந்து, அதன் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் மூத்திரக் கோளம் கெட்டு மாண்டன என்பது 2004-இல் கண்டறியப்பட்டது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகள் நம் தேசத்தில் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துபோயிருந்தன. 2006-இல் மாட்டிற்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. ஆயினும் மனிதர்க்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டிற்குப் போடுவது நிற்காமையால், 2015-இல் மனிதருக்கான ஊசிக் குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேற்படக்கூடாதென்று விதிக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோபெனும் அஸிக்ளோபினாக்கும் கால்நடைகளுக்கு விலக்கப்பட்டன. மெலாக்ஸிகாம் என்னும் மருந்து கழுகுகளுக்குக் கேடு செய்யாதது. கால்நடை வைத்தியரைக் கேட்டு அதையே உபயோகிக்கலாம். கழுகுக்குக் கேடில்லை என்பதனால் அது மீனுக்கும் கேடற்றது என்று கொள்ளலாகாது. அதுவும் பிராஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வகையைச் சேர்ந்ததே. எந்த ஊசியாயினும் குப்பியைக் குளத்தில் அலம்புவதும், மருந்து ஏற்றிய மாட்டை உடனே குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டுவதும், இறந்த மாட்டை ஓடையில் இழுத்துப் போடுவதும் விலக்கத்தக்கன.

காலம் கடந்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ ஏற்றுக்கொள்வார்களா என்று விசாரித்து ஒப்படைப்பது முதல் வழி. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆஸ்பத்திரிகள் தம்மிடம் மீந்த மருந்துகளைத் தனியே சேர்த்து எரிக்கவோ தயாரித்தவருக்கே திருப்பவோ கடமைப்பட்டுள்ளன. அவ்வசதி கிட்டாவிடில், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் உறையிலிட்டுக் கட்டி, நீர்நிலைக்குத் தூரமாகச் செல்லும் குப்பையில் சேர்க்கலாம். கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றுவது மட்டும் கூடாது.

குஞ்சு உற்பத்தி செய்யும் பண்ணைக்காரர்கள் தாய் மீன்களுக்கு, முக்கியமாக மாசி முதல் வைகாசி வரை, நகரத்துக்குக் கீழேயுள்ள ஆற்று நீரை விடாமல் கிணற்று நீரையோ மழை நீரையோ விடுவது நலம். கணக்குப் புத்தகம் ஒன்று வைத்து, ஊசி போட்ட நேரம், முட்டை கண்ட நேரம், முட்டையின் அளவு, ஹாப்பாவில் பொரித்த நேரம், அப்பொழுதிருந்த நீரின் சூடு ஆகியவற்றை ஒவ்வொரு தடவையும் குறித்துவர வேண்டும். நீர் குளிர்ந்திருந்தாலும் பிராணவாயு குறைந்தாலும் பொரிப்பது தாமதிக்கும். தாய் மீன் கிழடானாலும் முட்டை குறையும். இக்காரணங்கள் ஒன்றுமில்லாமல் இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து தாமதம் காணப்பட்டால், குறிப்புப் புத்தகத்துடனும் கழுவிய கண்ணாடிப் புட்டியில் எடுத்த குளத்து நீருடனும் மீன்வள அதிகாரியை அணுகவேண்டும். புட்டியை வெயில் படாமல் கருப்புத் துணியால் சுற்றி, ஐஸில் வைத்து, எடுத்த அன்றே சேர்ப்பிப்பது முக்கியம். வெயில் பட்டால் தேடவேண்டிய மருந்து வழியிலேயே சிதைந்துவிடும்.